நாலு கோடு

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு, ராத்திரி டூட்டி.
ஐப்பசி மழை ஜன்னல் தகரத்தில் விடாமல் கொட்டுகிறது.
டெம்பரேச்சர் சார்ட்டின் பின்பக்கம்
நான் கை எழுதிப் பழகுகிறேன்.

உச்சியில் வலமிருந்து இடமாய்ச் சின்னதாய் ஒரு சாய்வு.
குறுக்கே ஒன்று. அதன் கீழே
கொஞ்சம் நீளமாய் இன்னொன்று.
நடுவே இறங்கி, அடியில்
இடப்பக்கம் கொக்கி போட வேண்டும்.
手. தெ.

பரீட்சைக்கு முப்பத்தெட்டு நாள்.
ஒஸாக்காவில் ஒரு முதியோர் இல்லம்
என்று ஏஜென்சியில் சொல்லியிருக்கிறார்கள்.

கையோடு பை சேர்ந்தால் கையுறை, தெபுகுரோ.
தாள் சேர்ந்தால் கடுதாசி, தெகமி.
மேல்கை என்றால் கெட்டிக்காரி.
கீழ்க்கை, ஒன்றும் ஓடாதவள்.
கசப்புக் கை, நிகதெ, நமக்கு வராத பாடம்:
எனக்கு இந்தக் கொக்கி.
கைமாத்து, கைராசி, கைநாட்டு என்று வளர்ந்தவளுக்கு
இதிலெல்லாம் பயமில்லை.

தெஆதெ என்றால் கையைக் கொண்டு வைப்பது.
வைத்தியம் என்று ஓர் அர்த்தம்.
சம்பளத்துக்கு மேல் தருகிற படிக்காசு என்று இன்னொன்று.
இரண்டுக்கும் ஒரே சொல்லாம்.

ஒன்பதாம் கட்டில் உய்க்காட்டான்,
வீரவநல்லூர் ரைஸ்மில், பெல்ட்டு.
வலக்கையில் மூன்று விரல்தான் இனி.
டூட்டி மாறுகிற நேரத்தில் மில் கணக்கப்பிள்ளை வந்து
ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு கவரும் வைத்துவிட்டு
'இப்போதைக்கு வச்சுக்கிடும்' என்று போனார்.
கவரில் இரண்டு ஐந்நூறு.
எண்ணுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது,
இடக்கையாலும்.

'தூங்கலியா அண்ணாச்சி?'
'எங்க. நீங்க என்ன எழுதுதிய சிஸ்டர்?'
'கை.'

தாளை வாங்கி விளக்குப் பக்கம் திருப்பினார்.
'இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு,
உச்சியில ஒண்ணு. அஞ்சும் இருக்கு, சரிதான்.
அப்ப என் கைய எழுதணும்னா
குறுக்க ஒரு கோட்ட எடுத்திரணும், என்ன?'

பேனாவை இடக்கையில் பிடித்தார்.
சாய்வு.
குறுக்கே ஒன்று, நடுங்கி.
நேரே கீழே.
கொக்கி அவருக்கும் வரவில்லை.
千

புத்தகத்தில் ஏழாம் பக்கம்.
நான் போன மாதமே முடித்தது.
சென். ஆயிரம்.

'சரியா இருக்கா?'
'சரியா இருக்கு அண்ணாச்சி. கைதான்.'

சிரித்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தார்.
நூற்றியொன்று இருந்தது காய்ச்சல்.
குறித்து, சார்ட்டைத் திரும்பக் கிளிப்பில் மாட்டினேன்.
காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார்.
பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.