கவுண்டர் இரண்டு

காலை ஆறே கால். குலசேகரத்தில் மழை.
ஷட்டரைத் தூக்குவதற்குள் ஒரு தோள் நனைந்துவிடுகிறது.
ராத்திரி முழுக்க அடைந்து கிடந்த
ரப்பர் ஷீட்டின் புளித்த புகைவாடை
என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறது.

கம்ப்யூட்டருக்கு நான் பெல்சி இல்லை.
கவுண்டர் இரண்டு.
கீழே சின்ன எழுத்தில்
வரையறுக்கப்பட்ட பயனர்.
பதினான்கு வருஷம் இந்தச் சங்கத்தில்
எடை தப்பாமல் போட்டவளுக்குக்
கிடைத்த முதல் பட்டம்.

போன வருஷம் யாரோ ஒருத்தர்
பென் டிரைவில் கல்யாண வீடியோ கொண்டுவந்து பார்த்தார்
(யாரென்று தெரியும், சொல்லமாட்டேன்).
பதினோரு நாள் ஒரு கணக்கும் திறக்கவில்லை.
நாகர்கோவிலிலிருந்து சஜின் வந்தான்,
எல்லாவற்றையும் துடைத்தான்,
நிர்வாகியின் கடவுச்சொல்லை
மனசுக்குள் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறினான்.

அன்றிலிருந்து எடை மென்பொருள்
திறக்கும்போதே ஒரு கட்டத்தை நீட்டும்:
நிர்வாகியின் அனுமதி தேவை.
இல்லை என்று அமுக்கினால் மூடிக்கொள்ளும்.
ஆம் என்று அமுக்கினால் கடவுச்சொல் கேட்கும்.
சஜினைக் கூப்பிட்டால்
பார்வதிபுரம் பாலத்தில நிக்கேன் அக்கா,
ரெண்டு நிமிஷம்.

வரிசையில் ததேயூஸ் அண்ணன்.
தலையில் பதினெட்டு ஷீட், அதன்மேல் பாலித்தீன்.
"எளவு, பெட்டிக்க கிட்ட என்ன பேச்சு பிள்ளே,
எழுதித் தா."
எழுதினேன்.
ஒரு சொட்டு விழுந்து ஏழு ஒன்றானது.

பாஸ்வேர்டை வாங்கிப் போடு, தொல்லை தீரும்
என்றார் செக்ரட்டரி.
தரமாட்டேன் என்றான் சஜின்.
எனக்குச் சுள்ளென்று வந்தது.
"என்னைய கள்ளின்னு நெனச்சியா?"
"உங்கள இல்லக்கா.
உங்க பேர்ல ஓடுற எதையும் நம்பமாட்டேன்."
இரண்டு நாள்
தொண்டையில் சாளைமுள்ளாகக் கிடந்தது அது.

வியாழக்கிழமை அவனே வந்தான்.
எடை மென்பொருளை ஓடவிட்டு
பக்கத்தில் இன்னொன்றை ஓடவிட்டான்.
முன்னது எந்தெந்தக் கதவைத் தட்டுகிறது என்று
வரிவரியாகக் காட்டிக்கொடுக்கும் ஒற்றன்.
ஆயிரக்கணக்கில் வரிகள்.
கிடைத்தது, கிடைத்தது, கிடைத்தது,
ஒரே ஒரு இடத்தில்
அணுகல் மறுக்கப்பட்டது.

ரசீது எண்.
நேற்று எதில் நிறுத்தினோம் என்பதைத்
தன் சொந்த ஃபோல்டருக்குள்
குறித்துவைக்கப் பார்த்திருக்கிறது.
விடவில்லை.
ஐந்து இலக்கம் எழுதுவதற்காக
வீடு முழுவதற்குமான தாக்கோலைக் கேட்டு
நாலு மாதமாக அழுதிருக்கிறது, சவம்.

"எல்லாருமே ராஜாவா இருந்த காலத்தில
எழுதின சாதனம்க்கா" என்றான்.
அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும்
கவுண்டர் இரண்டு எழுதலாம் என்று ஒரு டிக்.
வாங்கிவைத்த சாயா ஆறக்கூட இல்லை.

கிளம்புமுன் தன் லேப்டாப்பில்
ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன்.
அவன் பெயருக்குக் கீழேயும்
அதே சின்ன எழுத்து.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் கட்டம் வரவில்லை.
ததேயூஸ் அண்ணனுக்க ஷீட் பன்னிரண்டு கிலோ அறுநூறு.
அச்சு இயந்திரம் கரகரத்தபோதுதான் நினைவு வந்தது,
எனக்கும் ஷட்டர் தாக்கோல் மட்டும்தான்.
இரும்புப்பெட்டிக்கு உள்ளது
செக்ரட்டரியின் அரைஞாணில்.

கடிகாரம் ஒன்று பாக்கி.
திரையின் மூலையில் நான்கு நிமிஷம் முந்தி ஓடுகிறது.
தொட்டால் பழைய கட்டம். விட்டுவிட்டேன்.
இன்னும் வந்து சேராத ஒரு நேரத்தை
ரசீதில் அடித்துக் கிழித்துக் கொடுக்கிறேன்.
அண்ணன் அதைப் பாலித்தீனில் சுருட்டி
மழைக்குள் இறங்குகிறார்.
சாயாக்கடையை எட்டும்போது
சரியாகிவிடும்.