வேலிக்கு இரண்டடி வெளியே

விசுவமடுவில், வாய்க்கால் திரும்புகிற இடத்தில்,
பாலேந்தினி வீட்டுப் படலைக்குப் பக்கத்தில்
செத்துப்போன ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று நிற்கிறது.
கண்ணாடிக் கதவு. கறையான் ஏறாமல்
நாலு கல்லடுக்கித் தூக்கி வைத்திருக்கிறாள்.
உள்ளே புத்தகங்கள்:
அட்டையில்லாத துப்பறியும் கதை,
ஒன்பதாம் ஆண்டு விஞ்ஞானம், பழைய பாடத்திட்டம்,
கனடாவில் அச்சடித்த கல்வெட்டு மூன்று,
மாட்டுக்கு வரும் வருத்தங்கள் பற்றிய கையேடு.
கடைசிதான் அதிகம் போய்வருகிறது.
எடுக்கலாம், வைக்கலாம், கையெழுத்து வேண்டாம்.

என் போனில் ஒரு விளையாட்டு.
நடந்தால்தான் ஆடலாம்.
நிலையம் ஒன்றைக் கிட்டினால் பந்து விழும், முட்டை விழும்.
கொழும்பில் சந்திக்கு நாலு நிலையம்.
இங்கே, நில அளவைக்காரரோடு
நான் சங்கிலி பிடித்து நடக்கிற இத்தனை மைலுக்கும்
ஒன்றே ஒன்று:
சீருடைக்காரர் கட்டிய தூண்.
எந்தப் பஸ்ஸில் போன எவர் படமெடுத்துப் போட்டாரோ.
அதைக் கிட்டாமல்
ஏழாம் கட்டத்திலேயே நிற்கிறேன், இரண்டு வருசமாக.

ஆகவே ஐஸ்கிறீம் பெட்டியைப் பரிந்துரைத்தேன்.
படம் இரண்டு. காரணம் நூறு சொல்லுக்குள்.
‘அயலவர் சந்திக்கும் இடம்’ என்று எழுதினேன்.
பொய்யில்லை. போன கிழமை மாட்டுக் கையேட்டுக்காக
இரண்டு பேர் அங்கே நின்று சண்டை பிடித்தார்கள்.

எங்கோ குளிர்நாட்டில் கம்பளிக்குள் இருந்து
முகம் தெரியாத ஒருவர் கேட்டார்:
இது தனியார் குடியிருப்பு வளவுக்குள் உள்ளதா?

என்னிடமா கேட்கிறீர்கள் இதை.
ஞாயிற்றுக்கிழமை, சம்பளமில்லாமல், சங்கிலியோடு போனேன்.
வேலிக்கு வெளியே இரண்டடி மூன்றங்குலம்.
ஆனால் வேலியே
திரும்பி வந்த வருசம் கண்மட்டத்துக்குப் போட்டது.
பழைய எல்லைக்கல் புல்டோசரோடு போய்விட்டது.
அனுமதிப்பத்திரத்தில் கிழக்கெல்லை ‘வெளி’, அவ்வளவுதான்.
வீதிக்காரர் அடித்த ஆணி ஒன்று,
செயலகத்தார் அடித்த ஆணி ஒன்று,
வனத்துறையின் மஞ்சள் கட்டை ஒன்று, அது கிணற்றுக்குள்ளேயே வரப் பார்க்கிறது.
எதிலிருந்து அளக்க?
‘இல்லை’ என்று குறித்தேன்.

ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸால் இறங்கி
பாலேந்தினி வந்தாள்.
உங்கட பெட்டி பூமிப்படத்தில வரப்போகுது, என்றேன்.
ஆக்கள் தேடி வருவினம்.
எத்தினை மணிக்கு?
எப்பவும்.
வந்து?
பெட்டியைத் தொடத் தேவையில்லை.
கிட்ட நிண்டு போனைப் பார்த்தால் காணும்.

சாப்பாட்டுப் பையை மறுகைக்கு மாற்றினாள்.
புத்தகத்துக்கு வாறவை பெட்டியைப் பார்ப்பினம்.
இவை கையில ஒண்டைப் பார்த்துக்கொண்டு நிண்டு,
இடைக்கிடை நிமிர்ந்து வீட்டைப் பார்ப்பினம்.
அப்பிடி நிண்டவையை நான் நாலு வருசம் பார்த்திட்டன் தம்பி.
நாய்கூட அலுத்துப்போய்க் குரைக்கிறதை விட்டிட்டுது.

நான் சங்கிலியைச் சுருட்டினேன்.
சுருட்டி முடிக்க நேரமெடுத்தது.

அன்றிரவு, பரிந்துரையை மீளப்பெறும் பொத்தானைத் தேடினேன்.
மூன்றாம் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் இருந்தது.
ஏன் என்று கேட்டது.
தந்த பட்டியலில் கிட்டியதைத் தொட்டேன்:
‘வீட்டுக்கு மிக அருகில்.’

பூமிப்படத்தில் அந்த வளைவு இன்னும் வெறும் பச்சை.
வாய்க்கால்கூட இல்லை.
வேலைக்குப் போகையில் சைக்கிளை நிறுத்தி,
போனைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான்
கதவில் கை வைக்கிறேன்.
ரப்பர் இப்போதும் ஒட்டும், கொஞ்சம் இழுக்கவேண்டும்.
துப்பறியும் கதையில் கொலைகாரன் பிடிபடும் பக்கத்தை
ஆரோ கிழித்திருக்கிறார்கள்.
மாட்டுக் கையேடு இன்றைக்கும் இல்லை.