ஏழாம் தொட்டி

கிராம்பு எண்ணெய், நாற்பது சொட்டு.
பல்வலிக்காரர்கள் அறிந்த அதே வாசனை.
வாளிக்குள் ஒராடா மீன்
முதலில் ஒருபக்கம் சாய்கிறது,
பிறகு செவுளை அசைக்க மறந்துபோகிறது.
இரு கண்ணுக்கும் நடுவே அந்தத் தங்கக் கோடு மட்டும்
இன்னும் விழித்திருக்கிறது.

வெளியே புரா.
வெலெபித் மலையிலிருந்து இறங்கி
உக்லியன் தீவின் கால்வாயைச் சீப்பால் வாருகிற காற்று.
கொட்டகைத் தகரம் மூன்று நாளாக
ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறது.

பன்னிரண்டு தொட்டி.
நான்கில் மீன்தூள், நான்கில் சோயா,
நான்கில் ஈப்புழுவை உலர்த்தி அரைத்த மாவு.
தொண்ணூறு நாள்.
கடல்மீனுக்கு வயலைத் தின்னப் பழக்கினால்
குடலில் குடியிருக்கும் கோடிப்பேர்
என்ன சொல்வார்கள் என்பதே கேள்வி.
நிதி கேட்டபோது இதை வேறு மாதிரி எழுதியிருந்தேன்.

கத்தரி. வயிற்றின் வெள்ளை.
என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத குடல்.
நீளவாக்கில் திறந்து
கண்ணாடித் தகட்டின் விளிம்பால் வழித்தால்
ஒரு துளிச் சளி,
ஸாக்ரெப் நகரத்தைவிட நெரிசலானது.
குழாயில் இட்டு எழுதுகிறேன்: ஏழு, மூன்றாம் மீன், சோயா.
பூச்சியத்துக்கு எண்பது பாகை கீழே
அது தூங்கப் போகிறது.

ஷிமே வாசலில் நிற்பான், உள்ளே வரமாட்டான்.
தீவனம் போடுவது அவன் வேலை.
மூன்று வேளை, தராசில் நிறுத்து,
பேரேட்டில் கையெழுத்திட்டு.
"சோயா மீன்கள் என்னைப் பார்க்கிற பார்வை
சரியில்லை, டாக்டர் ஸ்ரிங்கா" என்றான் ஒருமுறை.
மீனுக்கு இமை இல்லை, அப்படித்தான் தோன்றும் என்றேன்.
தலையாட்டினான்,
சரியான விடையைக் கேட்டுவிட்டு
நம்பாமல் போகிறவர்கள் ஆட்டுவதுபோல.

மூன்று வாரம் கழித்து முடிவுகள் வந்தன.
திரையெங்கும் புள்ளிகள்.
மீன்தூள் நீலம், சோயா பச்சை, புழு ஆரஞ்சு,
தத்தம் பந்தியில் அமர்ந்திருந்தன.
ஏழாம் தொட்டியின் பச்சை மட்டும்
எழுந்துபோய் நீலத்தின் இலையருகே.
ஃபோட்டோபாக்டீரியம்.
பழைய மத்தியின் தோலில்
இருட்டில் நீலமாய் மினுங்குகிறதே, அந்தக் குடும்பம்.
சோயாவில் அது கிடையாது.
தண்ணீரிலும் இவ்வளவு கிடையாது.

குழாய் மாறியிருக்குமென்று
இரண்டு நாள் என் கையையே சந்தேகித்தேன்.
பேரேட்டைப் புரட்டினேன்.
கையெழுத்து, கையெழுத்து, கையெழுத்து,
ஞாயிறுகளில் மட்டும்
கொஞ்சம் அவசரமான கையெழுத்து.

ஷிமேயிடம் கேட்கவில்லை. காப்பி போட்டுக் கொடுத்து
திரையை அவன் பக்கம் திருப்பினேன்.
"இது எது?"
"ஏழு."
"ஏன் இங்கே வந்து நிற்கிறது?"
"மத்தி தின்றால் இங்கே வரும்."
தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான்.
"ஒரு கைப்பிடிதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்.
தலையும் வாலும் கிள்ளிவிட்டு."
காப்பி ஆறியபிறகு இதையும் சொன்னான்:
"எல்லாத் தொட்டிக்கும் போட மத்தி இல்லை.
ஏழு கதவுக்குப் பக்கத்தில் இருந்தது."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உப்புக்குள்ளேயே பிறந்தவை இவை.
மத்தி இட்டவனை நினைத்துக்கொண்டன,
கண்ணாலோ வாலாட்டியோ அல்ல,
குடலின் மடிப்பில்,
நான் கொன்று திறந்தபோதும்
அதை அழிக்காமல்.

கட்டுரையில் ஒரு வரி வரும்:
ஏழாம் தொட்டி கணக்கில் சேர்க்கப்படவில்லை.
காரணம் கேட்பார்கள்.
தீவன நெறிமீறல் என்று எழுதுவேன்.
அதில் எங்கேயும் ஞாயிறு இருக்காது.

இன்று காற்றே இல்லை.
புதுக் குஞ்சுகள் படகில் வந்திறங்கின.
ஷிமே தராசைத் துடைக்கிறான்,
தேவைக்கு மேலேயே துடைக்கிறான்.
ஏழாம் தொட்டியைக் கதவிலிருந்து நகர்த்தச் சொன்னேன்.
எங்கே என்றான்.
யோசித்தேன்.
எப்படி மாற்றி வைத்தாலும்
ஏதோ ஒரு தொட்டி
கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.