தவணைக் கணக்கில் ஒரு கரை

எமனேசுவரத்திலிருந்து பாம்பன் சின்னப்பாலத்துக்கு
மொபெட்டில் மூன்று மணி நேரம்.
கச்சான் அடிக்கிற மாதமென்றால்
மூட்டை பாய்போல் புடைத்துக்கொண்டு
என்னை வேறெங்கோ ஓட்டப் பார்க்கும்.

மணலில் தார்ப்பாய் விரித்து
ஒவ்வொன்றாய்ப் பிரிப்பேன்.
இது மயில்கண். இது ருத்திராட்சம்.
இந்தக் கட்டத்துக்குப் பாலும் பழமும் என்று பேர்.
இது தாழம்பூ ரேக்கு.

‘தாழம்பூவா?’ என்றாள் நம்புச்செல்வி.
முனையில் நிற்கிற புதரைத் தாடையால் காட்டி,
‘முள்ளை எங்கே விட்டீங்க?’

முள் வைத்தால் விற்காதும்மா.

அன்னம், கிளி, இருதலைப்பட்சி, யாளி.
‘இதில் ஒண்ணும் இந்தப் பக்கம் வந்ததே இல்ல.
ஒரு மீன் கிடையாதா உங்க ஊர்ல?’

வீட்டுக்குப் போய்க் கட்டத்தாளில்
சீலா மீன் வரைந்தேன்.
வால் படிய நாலு ராத்திரி.
அட்டை அடித்து, தறியேற்றி,
நீல உடலில் வெள்ளிக் கரையாய் மீன் ஓட
மூன்று சேலை.

ஒருத்தியும் தொடவில்லை.
‘நாள் பூரா அதோட முகத்துலதான் முழிக்கிறோம்.
கல்யாண வீட்டுக்கும் அதையே சுத்திக்கிட்டுப் போகவா?
கவுச்சியடிக்கும்ணே.
மயில எடுங்க.’

(மீன் மூன்றும் பரமக்குடியில் போனது.
புதுசா இருக்கே என்றார்கள்.)

இந்த மாதம் நான் போனபோது
பாசிக்காரிகள் கரையேறிக்கொண்டிருந்தார்கள்.
சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை,
நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி,
இடுப்பில் சாக்கு நிறைய மரிக்கொழுந்துப் பாசி.
பேருக்குத்தான் மரிக்கொழுந்து,
வாசம் வேறு.

நம்புச்செல்வி பாலித்தீன் பைக்குள்ளிருந்து
மூன்று தவணை பாக்கியை
ஈரக்கையால் எண்ணினாள்.
விரலெல்லாம் துணிச்சுற்று,
பாறை அறுக்காமல் இருக்க.

பெருவிரலில் இருந்தது என் கோபுரக்கரை.

என்னுடையதுதான்.
கோபுரத்தின் இடது சரிவில்
மூன்றாம் படி இருக்காது.
அட்டையில் ஒரு துளை விட்டுப்போய்
இருபது சேலை அறுத்த பிறகுதான் கண்ணில் பட்டது.
ஐம்பது ரூபாய் குறைத்து
இந்தக் கடற்கரையில்தான் தள்ளினேன்,
யார் பார்க்கப்போகிறார்கள் என்று.

நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

‘உடம்பு நைஞ்சு போச்சு, கரை அசையல.
ரெண்டு வருசமா இதான் தண்ணிக்குள்ள வருது.
அண்ணே,
கரை மட்டும் தனியா மீட்டர்ல கிடைக்குமா?’

நோட்டில் அவள் பேருக்கு நேரே வரவு எழுதினேன்.
கிடைக்கும் என்றும் சொல்லவில்லை,
கிடைக்காதென்றும் சொல்லவில்லை.

பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் தண்ணீர்.
வண்டியை இறுக்கிப் பிடித்தபடி
மண்டபம் வரைக்கும் கணக்குப் போட்டேன்:
உடல் இல்லாமல் கரை மட்டும் நெய்ய
பாவுக்கு எத்தனை இழை.