ஆர்கன் கண்ணாடி

உப்பர்நாவிக், ஞாயிறு ஆராதனை.
ஆர்கனுக்கு மேலே சின்னக் கண்ணாடி,
போதகர் எழுவதை நான் பார்க்க.
இன்று அதில் ஜன்னலும் விழுந்தது;
ஜன்னலில் குடா,
குடாவில் மூச்சுவிடும் நார்வால் திமிங்கிலங்கள்.

வெளியே நாய்கள் சங்கிலியை இழுக்கின்றன.
மூன்று வாரமாய் இறைச்சி காணாத ஊர்.
அக்கலுவின் கை முழங்காலில் இறுகுகிறது
ஈட்டியைப் பிடித்ததுபோல்.
ஒருவரும் திரும்பவில்லை.
பிப்பாலுக்கின் தோளில் கிடந்த குழந்தை மட்டும்
கடலைப் பார்த்துச் சிரித்தது.

"ஜெபிப்போம்."
தலைகள் தாழ்ந்தன, என்னுடையதைத் தவிர.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்: ஏழு, எட்டு.
எட்டாவது முதுகு மூழ்கும்போது
ஆமென் வந்தது.

கடைசிப் பாட்டை
என்றுமில்லாத வேகத்தில் வாசித்தேன்.
ஆறு சரணத்தையும் அவர்கள்
தங்கள் வேகத்திலேயே,
ஒரு சொல் விழுங்காமல் பாடினார்கள்.
என் விரல்கள்தான்
திரும்பி வந்தன.