இரண்டாவது மைக்

அந்த மே மாதம் வேலூரில்
கோட்டைச் சுவருக்கே வேர்த்தது.
போதகர் ஆங்கிலத்தில் ஒரு வரி,
நான் தமிழில் ஒரு வரி.
நகரம் எரிந்தது, என்றார். எரிந்தது, என்றேன்.
மதில் இடிந்தது. இடிந்தது.
யுத்தகாலத்தில் சபை புலம்பக் கற்க வேண்டும், என்றார்.

புலம்பல்.
எங்கள் வீட்டில் அது வசவு.
கரண்ட் பில்லுக்கு, கத்தரிக்காய் விலைக்கு,
“சும்மா புலம்பாதே எப்சிபா” என்பார் இவர்.
வேறு சொல் தேடுவதற்குள்
அடுத்த வாக்கியம் வந்து நின்றது.

மூன்றாம் பெஞ்சில்,
மேல்மொணவூர் முகாமிலிருந்து வருகிறவள்
எழுந்தாள். அழவில்லை.
பஸ் கண்டக்டர் மாதிரி
ஊர்களைச் சொன்னாள், வரிசை மாறாமல்,
ஒவ்வொன்றிலும் ஆள் இறக்கி:
சுதந்திரபுரம், தம்பி.
தேவிபுரம், மாமி, மாமியின்ர ரெண்டும்.
இரணைப்பாலை, பேர் வைக்காத ஒண்டு.
மாத்தளன்.
மாத்தளனில் போன் நிண்டிட்டுது.

என்ன சொல்கிறாள், என்று
போதகர் என் பக்கம் குனிந்தார்.

பதினோரு வருடமாக
அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கே இறைத்தவள் நான்.
திருப்பி இறைக்கத் தெரியவில்லை.

மைக்கைக் கழற்றிக்கொண்டு இறங்கினேன்.
அவள் பெஞ்சுக்கு
இரண்டடி எட்டவில்லை
ஒயர்.