குழாய் பிடித்தவன்

புன்டா அரேனாஸில் காற்று முற்றினால்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள், பிடித்து நடக்க.
அந்தக் கயிற்றைப் பிடித்தபடிதான்
நிவால்தோ வீட்டுக்குப் போனேன்,
ஏழு மாதம் கழித்து.

மேசையில் சுட்டி இல்லை.
அது இருந்த இடத்தில் மாத்திரை டப்பா.
திரைக்கும் அவன் வாய்க்கும் நடுவே
வளைந்து நிற்கிறது ஒரு மெல்லிய குழாய்.
ஊதினால் சொடுக்கு.
உறிஞ்சினால் ஒரு படி பின்னால்.
பேசியே சொல்லலாமே என்றேன்.
கூரையில் காற்று இரைவதையும்
கட்டளை என்று எடுத்துக்கொள்கிறதாம்.
பெருமூச்சு விட்டால்?
"போன வாரம் விட்டேன்.
மின்கட்டணத்தை இரண்டு தடவை கட்டிவிட்டது."

சிரித்தோம். அவன் சிரித்ததில்
திரையில் ஏதோ திறந்து மூடியது.

கடல் முள்ளெலி பொறுக்க இறங்குவான்,
இருபத்தெட்டு மீட்டர்.
மேலே படகில் அவன் காற்றுக்குழாயைப் பிடித்திருப்பவன் நான்.
ஓர் இழுப்பு: இன்னும் விடு.
இரண்டு: கூடை நிறைந்தது.
மூன்று: தூக்கு.
அன்று மூன்று வந்தது.
வந்ததா?
என் கை அப்படித்தான் சொன்னது.
தூக்கினேன், வேகமாக.

இப்போது நஷ்டஈட்டு விண்ணப்பம்.
திரையின் எழுத்துப் பலகையில்
மஞ்சள் வெளிச்சம் வரிவரியாக இறங்குகிறது.
வேண்டிய வரியில் ஊது.
பிறகு எழுத்தெழுத்தாக நகரும். மறுபடி ஊது.
ஒரே மூச்சில் எழுதி முடித்தேன் என்று
இனி யாரும் என்னிடம் பெருமை பேச வேண்டாம்.

பழைய சுட்டி அலமாரியில் கிடந்தது.
வாலைச் சுற்றியபடி எடுத்து
நான் முடித்துத் தரட்டுமா என்றேன்.
"இந்தத் தடவை குழாய் என்னிடம்."

'மேலே குழாய் பிடித்தவர் பெயர்.'
ஒயார்சோ. எங்கள் எழுத்தில் ஆறு.
பன்னிரண்டு மூச்சு.
ஒன்று தவறி, அழித்து, பதினாறு.
என் பெயரை யாரும்
இத்தனை செலவழித்துச் சொன்னதில்லை.

'அவர்மேல் தவறு உண்டா?'
ஆம். இல்லை. தெரியாது.
வெளிச்சம் 'ஆம்' மேல் நின்றது, நகர்ந்தது.
'இல்லை.' நகர்ந்தது.
'தெரியாது.' மறுபடி 'ஆம்.'
ஐந்து சுற்று எண்ணினேன்.
அவன் எவ்வளவு நேரம் மூச்சடக்குவான் என்பது
இந்த ஊரில் எனக்குத்தான் தெரியும்.

பிறகு குழாயிலிருந்து வாயை எடுத்து
வெளியே காற்று எப்படி என்று கேட்டான்.
கயிறு இன்னும் அவிழ்க்கவில்லை என்றேன்.
அவன் தலைக்குப் பின்னால்
வெளிச்சம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது,
ஆம், இல்லை,